ஒற்றை விரல் பலம்!

செங்குத்தான மலைப்பாதை. வழியெல்லாம் கல்லும், மண்ணும், மர வேருமாகக் கிடக்கிறது. தலைக்கவசம், முழங்கால் கவசம் எல்லாம் மாட்டிக் கொண்டு, தடித்த டயர் போட்ட சைக்கிளில் ஒருவர் காற்றாகப் பறந்து இறங்குகிறார். இப்படிப்பட்ட போட்டிகளை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது, அவரது கைகளை நன்றாகக் கவனியுங்கள் குட்டீஸ்! பிரேக் லீவரின் மேல் ஒரே ஒரு விரல்தான் இருக்கும். மற்ற விரல்கள் எல்லாம் ஹேண்டில் பாரை இறுகப் பிடித்திருக்கும்.

ஆளும் வண்டியும் சேர்ந்தால் ஏறக்குறைய 100 கிலோ எடை. அத்தனை எடையும், அவ்வளவு வேகத்தில் மலையில் இருந்து இறங்குகிறது. அதை ஒரு விரல் நிறுத்தி விடுகிறது! நம் வீட்டு சைக்கிளில், மழை நாளில் நான்கு விரல்களையும் சேர்த்து அழுத்தினாலும், வண்டி நாலடி தள்ளிப் போய்த்தானே நிற்கிறது? பிறகு, அந்த ஒற்றை விரலுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இத்தனை பலம்?

அந்தப் பலத்தின் ரகசியத்தை எழுதி வைத்தவர், சைக்கிளைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அவர் இறந்து மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. உடல் வலுவில் அவர் பீமன் அல்ல. வாழ்நாள் முழுவதும் நோயோடு போராடியவர். அவர்தான் பிரான்ஸ் நாட்டின் கணித மேதை, பிளெய்ஸ் பாஸ்கல்.

ஒளித்து வைத்த புத்தகங்கள்

பிரான்ஸ் நாட்டின் நடுப்பகுதியில், அணைந்து போன எரிமலைகளுக்கு அருகே கிளெர்மோன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1623-ம் ஆண்டு, ஜூன் 19-ம் தேதி பாஸ்கல் பிறந்தார். தந்தை எத்தியென் பாஸ்கல், வரி தொடர்பான நீதிமன்றத்தில் அதிகாரி. கணிதத்தில் நல்ல புலமை உள்ளவர். பாஸ்கலுக்கு மூன்று வயதானபோது, தாயார் இறந்து விட்டார். அக்கா ஜில்பெர்த், தங்கை ஜாக்குலின், பாஸ்கல் என மூன்று குழந்தைகளையும் தந்தையே வளர்த்தார். 1631-ல் குடும்பம் பாரீஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது.

பாஸ்கல் பள்ளிக்கூடம் போகவில்லை. தந்தைதான் ஆசிரியர். அவர் ஒரு விசித்திரமான முடிவு எடுத்தார். மகன் முதலில் மொழிகளைக் கற்க வேண்டும். கணிதத்தின் சுவை தெரிந்து விட்டால் மற்ற பாடங்களைத் தொட மாட்டான் என்று எண்ணி, வீட்டில் இருந்த கணிதப் புத்தகங்களை எல்லாம் ஒளித்து வைத்து விட்டார்!

தடுத்தால்தானே ஆசை அதிகமாகும்? வடிவியல் என்றால் என்ன என்று ஒருநாள் தந்தையிடம் கேட்டான் சிறுவன். சரியான உருவங்களை வரைவதும், அவற்றுக்குள் உள்ள அளவுகளை ஒப்பிடுவதும்தான் அது என்று சுருக்கமாகச் சொல்லி, பேச்சை முடித்து விட்டார் தந்தை. பாஸ்கலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. விளையாட்டு நேரத்தில், கரித்துண்டை எடுத்துத் தரையில் கோடுகளையும் வட்டங்களையும் வரைய ஆரம்பித்தான். அவற்றின் உண்மையான பெயர்கள் தெரியாததால், தானே பெயர் வைத்துக் கொண்டான்.

12 வயதில், யாரும் சொல்லித் தராமல் ஓர் உண்மையைத் தொட்டு விட்டான். எந்த முக்கோணமாக இருந்தாலும், அதன் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணம், அதாவது 180 பாகை வரும் என்பதே அது! அறைக்குள் வந்து பார்த்த தந்தை திகைத்துப் போனார். மகனிடம் ஒரு வார்த்தை கூடப் பேசாமல், ஆனந்தக் கண்ணீரோடு தன் நண்பர் வீட்டுக்கு ஓடினார். அதன் பிறகு, ஒளித்து வைத்த புத்தகங்கள் எல்லாம் வெளியே வந்தன.

அதே காலத்தில், சாப்பாட்டு மேஜையில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி. யாரோ ஒரு பீங்கான் தட்டில் கத்தியால் தட்டி விட்டார்கள். கணீரென்று ஓசை கேட்டது. தட்டின் மேல் கை வைத்ததும் ஓசை சட்டென்று நின்று விட்டது. மற்றவர்கள் சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள். ஆனால், பாஸ்கல் விடவில்லை. ஏன் நின்றது என்று பலவிதமாகத் தட்டித் தட்டிப் பார்த்து, ஒலியைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி விட்டான். ஒன்றைக் கேள்விப்பட்டால், தானே செய்து பார்க்காமல் நம்புவதில்லை என்ற பழக்கம், அந்த வயதிலேயே அவனிடம் இருந்தது.

அப்பாவுக்காக ஒரு கணக்குப் பெட்டி

1640-ல் தந்தைக்கு ரூவான் என்ற நகரில், வரிக் கணக்குகளைச் சரி செய்யும் பெரிய வேலை. இரவு வெகுநேரம் வரை உட்கார்ந்து கூட்டிக் கழித்துக் கொண்டிருப்பார். அந்தக் காலத்து பிரெஞ்சுப் பணம் வேறு, படுத்தும் பாடு சொல்லி முடியாது! 12 தெனியே சேர்ந்தால் ஒரு சூ. 20 சூ சேர்ந்தால் ஒரு லிவர். பத்து பத்தாகக் கூட்ட முடியாது.

தந்தை கஷ்டப்படுவதைப் பார்த்த பாஸ்கல், 1642-ல் ஒரு கணக்கு இயந்திரம் செய்யத் தொடங்கினார். அப்போது வயது 19. பெட்டிக்குள் பல் சக்கரங்கள். ஒரு சக்கரம் ஒரு முழுச் சுற்று முடித்தால், பக்கத்துச் சக்கரம் தானாக ஓர் இலக்கம் நகரும். சொல்வது எளிது, அதைச் செய்து முடிப்பதற்குள், ஏறக்குறைய 50 மாதிரிகளைச் செய்து பார்க்க வேண்டி இருந்தது. அவருக்குப் பெருமை தேடித் தந்த அந்தப் பெட்டிக்கு, 'பாஸ்கலின்' என்று பெயர். அவற்றில் சில, அருங்காட்சியகங்களில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

ஆனால், அந்த உழைப்பு அவர் உடலை வாட்டி விட்டது. 18 வயதுக்குப் பிறகு வலி இல்லாத நாளே இருந்ததில்லை. 24-வது வயதில் கால்கள் மரத்துப் போய், ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலை. அப்போதுதான் அவர் மனம், ஒரு மலை மேல் ஏறத் துடித்தது!

மலை ஏறிய பாதரசம்

அது என்ன கதை? இத்தாலியில் டாரிசெல்லி என்ற விஞ்ஞானி, ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசம் உள்ள கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினார். குழாயில் இருந்த பாதரசம் முழுவதும் இறங்கி விடவில்லை. ஏறக்குறைய 76 சென்டி மீட்டர் உயரத்தில் நின்று விட்டது. அதைத் தாங்கிப் பிடிப்பது எது? நம்மைச் சுற்றியுள்ள காற்றின் எடைதான் என்றார் டாரிசெல்லி. பெரிய பெரிய அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. இயற்கைக்கு வெற்றிடம் பிடிக்காது, அதனால்தான் பாதரசம் இறங்க மறுக்கிறது என்று பழைய நூல்களைக் காட்டி வாதாடினார்கள்.

பாஸ்கல் வாதாடவில்லை, சோதித்துப் பார்த்தார். ரூவான் நகரில், 46 அடி நீளக் கண்ணாடிக் குழாய்களைக் கப்பல் பாய்மரத்தில் கட்டி நிறுத்தி, தண்ணீரையும் திராட்சை ரசத்தையும் ஊற்றி, எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டினார். பிறகு ஒரு கேள்வி எழுந்தது. காற்றின் எடைதான் காரணம் என்றால், மலை உச்சியில், தலைக்கு மேலே காற்று குறைவு. அங்கே பாதரசத்தின் உயரமும் குறைய வேண்டும் அல்லவா?

சொந்த ஊரான கிளெர்மோனுக்குப் பக்கத்திலேயே, பூய் தெ தோம் என்ற அணைந்த எரிமலை இருந்தது. உயரம் 1,465 மீட்டர். ஆனால், பாரீசில் நோயோடு இருக்கும் பாஸ்கல், அதில் எப்படி ஏறுவார்? அக்காவின் கணவர் ஃப்ளோரன் பெரியேவுக்கு 1647 நவம்பரில் கடிதம் எழுதினார். பல மாதங்கள் கழித்து, 1648-ம் ஆண்டு, செப்டம்பர் 19-ம் தேதி அந்த நாள் வந்தது.

காலையில் ஊரின் தாழ்வான பகுதியில் இருந்த மடத்துத் தோட்டத்தில், இரண்டு குழாய்களில் பாதரச உயரத்தை அளந்தார் பெரியே. ஒரு குழாயை அங்கேயே நிறுத்தி, நாள் முழுவதும் கவனித்துக் கொண்டிருக்க ஒரு துறவியை உட்கார வைத்தார். இன்னொரு குழாயோடு, ஊர்ப் பெரியவர்கள் சிலரை அழைத்துக் கொண்டு மலை ஏறினார். உச்சியில் அளந்தால், பாதரசம் 8 சென்டி மீட்டருக்கும் அதிகமாக இறங்கி இருந்தது! சந்தேகம் வரக் கூடாது என்று, அங்கிருந்த சிறிய கோவிலுக்கு உள்ளே, வெளியே, காற்று வீசும் இடம் என மாற்றி மாற்றி ஐந்து முறை அளந்தார். மாற்றமே இல்லை. கீழே துறவி காவல் காத்த குழாயில், பாதரசம் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது.

தான் ஏறாத மலையில், தன் அறிவை ஏற்றி அனுப்பி வென்றார் பாஸ்கல்! செய்தி கிடைத்ததும், பாரீசில் உள்ள செயின்ட் ஜாக் கோபுரத்தில் தானும் அளந்து பார்த்தார். அங்கேயும் சிறிய வித்தியாசம் தெரிந்தது. இன்று அந்தக் கோபுரத்தின் அடியில், பாஸ்கலுக்குச் சிலை இருக்கிறது.

ஒருவர் தள்ள, நூறு பேர் பலம்

காற்றில் இருந்து அவர் கவனம், தண்ணீர் பக்கம் திரும்பியது. இங்கேதான் நம் பிரேக்கின் கதை ஆரம்பம்.

ஒரு பெட்டி நிறையத் தண்ணீர். அதில் இரண்டு வாய்கள். ஒன்று சிறியது, இன்னொன்று அதைப் போல நூறு மடங்கு பெரியது. இரண்டிலும் கச்சிதமாகப் பொருந்தும் பிஸ்டன்கள். சின்ன பிஸ்டனை ஒருவர் தள்ளினால், பெரிய பிஸ்டனை நூறு பேர் தள்ளினால்தான் சமமாகும் என்று எழுதினார் பாஸ்கல். காரணம், மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் ஒரே அழுத்தம். அப்படியானால், நூறு மடங்கு பரப்புக்கு நூறு மடங்கு விசை! பள்ளியில் நீங்கள் படிக்கும் பாஸ்கல் விதி இதுதான்.

இலவசமாக எதுவும் கிடைக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை. சின்ன பிஸ்டன் ஓர் அங்குலம் நகர்ந்தால், பெரிய பிஸ்டன் நூற்றில் ஒரு பங்கு அங்குலம்தான் நகரும். விசையில் கிடைக்கும் லாபத்துக்கு, தூரத்தில் விலை கொடுத்தாக வேண்டும்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத சிரிஞ்ச் இரண்டு, ஒன்று சின்னது, ஒன்று பெரியது, பெரியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரு மெல்லிய ரப்பர் குழாயால் இணைத்து, காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். சின்னதை நீங்கள் தள்ளுங்கள். பெரியதை அப்பா தடுக்கட்டும். யார் ஜெயிக்கிறார்கள் என்று பாருங்களேன்!

பெரும்பாலும் 1653-54 வாக்கில் எழுதிய இந்த நூலை, பாஸ்கல் அச்சிடவில்லை. 1654-ல் ஃபெர்மா என்ற கணித மேதையோடு கடிதம் எழுதிக் கொண்டு, நிகழ்தகவு என்ற புதிய கணிதத்துக்கு வழி திறந்தார். அதே ஆண்டு நவம்பர் 23-ம் தேதி இரவு, அவருக்கு ஆழமான பக்தி அனுபவம் ஒன்று ஏற்பட்டது. அதை ஒரு தாளில் எழுதி, தான் அணியும் கோட்டுக்குள் வைத்துத் தைத்துக் கொண்டார். அவர் இறந்த பிறகுதான் அது மற்றவர்களுக்குத் தெரிந்தது. அதன் பின் அவர் மனம், பெரும்பாலும் இறைவழியிலேயே சென்றது.

ஏழைக் குழந்தைக்கு விட்டுக் கொடுத்த வீடு

கடைசி ஆண்டிலும் ஒரு புதுமை செய்தார் பாஸ்கல். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும்தான் நகரத்தில் சவாரி போக வேண்டுமா? குறிப்பிட்ட பாதையில், குறிப்பிட்ட நேரத்தில், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் குதிரை வண்டிகளை விடலாமே என்று, நண்பர்களோடு சேர்ந்து திட்டமிட்டார். 1662 மார்ச் 18-ம் தேதி, பாரீசில் அந்த வண்டிகள் ஓடத் தொடங்கின. கட்டணம் ஐந்து சூ. நம் டவுன் பஸ்சுக்கு மூதாதை அதுதான்! ஆனால், தொழிலாளிகளும் சிப்பாய்களும் அதில் ஏறக் கூடாது என்று நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்து விட்டது. அந்தத் தொழிலில் தனக்கு வர வேண்டிய பணத்தை முன்கூட்டியே வாங்கி, கடும் குளிர்காலத்தில் வாடிய புளுவா நகரத்து ஏழைகளுக்கு அனுப்பி விடவே பாஸ்கல் விரும்பினார்.

அந்த நாட்களில், ஓர் ஏழைக் குடும்பத்துக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்திருந்தார். அவர்களின் குழந்தைக்கு அம்மை கண்டது. பாஸ்கலைக் கவனித்துக் கொள்ளும் அக்காவுக்கும் குழந்தைகள் உண்டு. அக்கா வந்து போனால், அம்மை அந்தக் குழந்தைகளுக்கும் தொற்றி விடும். என்ன செய்வது? நோயுற்ற குழந்தையை வேறு இடத்துக்கு மாற்றுவதுதான் வழி என்று எல்லோரும் நினைத்தார்கள். பாஸ்கல் சம்மதிக்கவில்லை. அந்தக் குழந்தையை அசைப்பதுதான் ஆபத்து. தான் இடம் மாறுவதில் அவ்வளவு ஆபத்து இல்லை என்று சொல்லி, அந்த உடல்நிலையிலும் தானே அக்கா வீட்டுக்குப் போய் விட்டார். தன் வீட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. 1662 ஆகஸ்ட் 19-ம் தேதி காலமானார். வயது 39 தான்.

மறு ஆண்டு, 1663-ல், திரவங்களைப் பற்றிய அவரது நூல் அச்சாகி வெளிவந்தது.

கிரீஸ் புகைந்த மலை

நூலில் இருந்த நூறு ஆள் பலம், பட்டறைக்கு வர நீண்ட காலம் ஆயிற்று. 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர், ஹைட்ராலிக் பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1921-ல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார், நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு விற்பனைக்கு வந்தது. சைக்கிளுக்கு மட்டும் அது உடனே வரவில்லை. தேவை வந்தால்தானே தேடுவார்கள்?

அந்தத் தேவை, மலையில் வந்தது. 1976 அக்டோபரில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மலைப்பாதை ஒன்றில், சில இளைஞர்கள் சைக்கிள் இறங்கு போட்டி நடத்தினார்கள். சுமார் 3 கிலோ மீட்டர் தூரத்தில், ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். அவர்களிடம் இருந்தவை பழைய, கனமான சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால், பின் சக்கர அச்சுக்குள் இருக்கும் பிரேக் பிடிக்கும். கீழே வருவதற்குள் அச்சு கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் புகையாகப் போய் விடும்! ஒவ்வொரு முறையும் கழற்றி, புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே, மீண்டும் அடைப்பது என்று பொருள்படும் 'ரீபேக்' என்ற பெயர் வந்து விட்டது.

ஏன் அவ்வளவு சூடு? 100 கிலோ எடை 400 மீட்டர் இறங்கினால், ஏறக்குறைய 4 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். அதில் கொஞ்சம் காற்றைக் கிழிப்பதிலும், டயரின் உராய்விலும் போகும். மற்றதை எல்லாம் பிரேக்தான் சூடாக மாற்ற வேண்டும். 4 லட்சம் ஜூல் என்றால், ஒன்றே கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்!

ஆக, மலை இறங்கும் சைக்கிளின் பிரேக், பலமாகப் பிடித்தால் மட்டும் போதாது. சூட்டையும் தாங்க வேண்டும். 1990-களில், சக்கர அச்சில் பொருத்திய இரும்புத் தட்டை, ஹைட்ராலிக் முறையில் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குகள், மலை சைக்கிள்களில் பரவலாக வரத் தொடங்கின.

பாஸ்கல் கடைக்கு வந்தால்...

இப்போது அவரே ஒரு சைக்கிள் கடைக்கு வந்து, மலை இறங்கும் வண்டிக்கு பிரேக் வாங்குவதாக வைத்துக் கொள்ளுங்கள். பளபளப்பைப் பார்த்தா வாங்குவார்? ஐந்து கேள்விகள் கேட்டிருப்பார்.

1. பிஸ்டன் எத்தனை? லீவருக்குள் ஒரு சின்ன பிஸ்டன். தட்டைக் கவ்வும் கேலிப்பரில் பெரிய பிஸ்டன்கள். சின்னதன் விட்டம் 10 மில்லி மீட்டர், பெரியதன் விட்டம் 20 என்று வைத்துக் கொள்வோம். விட்டம் இரண்டு மடங்கு என்றால், பரப்பு நான்கு மடங்கு. விசையும் நான்கு மடங்கு! சாதாரணப் பாதைக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிஸ்டன் போதும். மலை இறக்கத்துக்கு நான்கு பிஸ்டன் உள்ளதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால், பெரியவருடைய எச்சரிக்கை நினைவிருக்கிறதா? விசை கூடினால் தூரத்தில் விலை உண்டு. பிஸ்டன் பரப்பு கூடினால், லீவர் அதிக ஆயிலைத் தள்ள வேண்டும். அதனால், லீவரும் கேலிப்பரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்த ஜோடியாகவே வாங்க வேண்டும். ஆளுக்கொரு கடையில் வாங்கி மாட்டக் கூடாது.

2. தட்டு எவ்வளவு பெரியது? கதவைக் கீல் பக்கத்தில் தள்ளினால் கஷ்டம். ஓரத்தில் தள்ளினால் எளிது. அது போலத்தான் இதுவும். 160 மில்லி மீட்டர் தட்டை விட, 203 மில்லி மீட்டர் தட்டுக்கு அதே பிடியில் கால் பங்குக்கும் அதிகமாகப் பலம் கூடும். உலோகமும் அதிகம் என்பதால், சூட்டையும் நன்றாகத் தாங்கும். மலை இறங்கும் வண்டிகளுக்கு 200 மில்லி மீட்டர் அளவிலான தட்டுகளே வழக்கம். ஆனால், வண்டியின் ஃபிரேமும் முன் ஃபோர்க்கும் எவ்வளவு பெரிய தட்டை ஏற்கும் என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

3. எந்த ஆயில்? டாட் என்ற வகை ஆயில், ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில், குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு, அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கி விடலாம். அதனால் அவ்வப்போது மாற்ற வேண்டும். கையிலும் பெயின்டிலும் படக் கூடாது. மினரல் ஆயில் என்ற வகை, ஈரத்தை உறிஞ்சாது. இரண்டில் எதற்காகச் செய்த பிரேக்கோ, அதைத்தான் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, ஆயில் கசியத் தொடங்கும்.

4. பேட் எது? நம் சைக்கிளின் பிரேக் கட்டைக்குப் பதில், இதில் இருப்பது பேட். பிசின் கலந்த பேட் சத்தமில்லாமல் உடனே பிடிக்கும், சீக்கிரம் தேயும். உலோகத் தூளை இறுக்கிச் செய்த பேட், கொஞ்சம் சத்தம் போடும். ஆனால் சேறு, மழை, நீண்ட இறக்கத்தின் சூடு எல்லாவற்றையும் தாங்கும்.

5. விரலுக்கு எட்டுகிறதா? எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். பெரியவர் கைக்கு ஏற்ற லீவர், உங்கள் கைக்கு எட்டாது. லீவரை ஹேண்டில் பார் பக்கம் நெருக்கி வைக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்காட்டி விரல் சுலபமாக எட்டாத பிரேக், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

வாங்கி மாட்டியதும் மலைக்கு ஓடி விடக் கூடாது. சமதளத்தில், நிதானமான வேகத்தில், பலமுறை மெல்ல அழுத்தி அழுத்தி வேகத்தைக் குறைத்துப் பழக்கினால்தான், புதிய பேட்டும் தட்டும் ஒன்றோடு ஒன்று படியும். தட்டில் எண்ணெய் படக் கூடாது. விரலாலும் தொடக் கூடாது. இறக்கம் முடிந்ததும் தொட்டால், கையே வெந்து விடும். சக்கரத்தைக் கழற்றிய நிலையில், லீவரை அழுத்தி விளையாடவும் கூடாது. பிஸ்டன்கள் வெளியே வந்து விடும்.

ஒரு குமிழி போதும்!

இவ்வளவும் சரியாக இருந்தும், ஒரு சின்ன விஷயம் எல்லாவற்றையும் கெடுத்து விடும். அது, ஆயிலுக்குள் புகுந்த காற்றுக் குமிழி!

திரவத்தை நெருக்கிச் சுருக்குவது மிகக் கடினம். அதனால்தான் விரலின் அழுத்தம், அப்படியே போய்ச் சேருகிறது. காற்று அப்படி அல்ல. பஞ்சு போலச் சுருங்கி விடும். குழாயில் காற்று இருந்தால், நீங்கள் தள்ளுவதெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய், பேட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆயில் கொதித்து ஆவியானாலும் இதே கதிதான். சிரிஞ்ச் சோதனையில், குழாயில் கொஞ்சம் காற்றை விட்டுத் தள்ளிப் பாருங்கள், புரிந்து விடும்.

மலையில் காற்றை அளந்தவரும் பாஸ்கல்தான். பெட்டியில் திரவத்தை அளந்தவரும் அவர்தான். அந்த இரண்டு பாடங்களும், பிரேக்கின் மெல்லிய குழாய்க்குள் ஒன்றாகச் சந்திக்கின்றன. லீவர் கல் போலக் கெட்டியாக நின்றால் புறப்படலாம். பஞ்சு போல அமுங்கினால், அன்றைக்கு மலை வேண்டாம்; மெக்கானிக்கிடம் கொடுத்து, காற்றை வெளியேற்றித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் சொன்னார், நண்பன் சொன்னான் என்று கிளம்பாமல், ஒவ்வொரு முறையும் நீங்களே அழுத்திப் பாருங்கள். சொன்னதை நம்பாமல் ஐந்து இடத்தில் அளந்து பார்க்க வைத்தவரின் பிரேக் அல்லவா அது!

1971-ல், அழுத்தத்தை அளக்கும் உலக அலகுக்கு, 'பாஸ்கல்' என்றே பெயர் சூட்டினார்கள். புயல் காலத்தில், காற்றழுத்தம் இத்தனை ஹெக்டோபாஸ்கல் என்று வானிலைச் செய்தியில் சொல்கிறார்களே, அது இவர் பெயர்தான். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாமல் இருந்த அந்த மனிதரின் பெயரை, காற்றும் சுமக்கிறது. மலை இறங்கும் ஒவ்வொரு பிள்ளையின் விரலும் சுமக்கிறது.